சென்னை - பாரீஸ் 8,020 கி.மீ., 10 மணி நேரம்... கதிர்காமம் வீட்டு வாசலுக்கு வந்து சேர எவ்வளவு நேரம்?

'வாரம் ஒரு கேள்வி' பகுதிக்கு இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று, புதுச்சேரி கதிர்காமத்திலிருந்து ஒரு வாசகி அனுப்பியது. இரண்டே வரிதான்.

"அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, அண்ணன் பாரீஸில் இருக்கிறார். கூகுளில் பார்த்தால் 10 மணி நேரம் என்று போட்டிருக்கிறது, ஆனால் போன தடவை அப்பா தவறியபோது அண்ணன் வந்து சேர ஒன்றரை நாள் ஆனது. எது சரி?"

இரண்டுமே சரிதான். கூகுள் சொன்னது ஒரு விமான நிலையத்துக்கும் இன்னொரு விமான நிலையத்துக்கும் நடுவே உள்ள நேரம். உங்கள் அண்ணனுக்கு ஆனது ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் நடுவே உள்ள நேரம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாததால்தான் பல வீடுகளில் "இதோ வந்துடுவான்" என்று உறவினர்களை உட்காரவைத்துவிட்டு, மணிக்கணக்கில் தவிக்க வேண்டியதாகிறது.

கதிர்காமம், முதலியார்பேட்டை, லாஸ்பேட்டை, காரைக்கால் என்று புதுச்சேரி மாநிலத்தில் தெருவுக்கு ஒரு 'பிரான்ஸ்காரர் வீடு' இருக்கிறது. அதனால் இந்தக் கணக்கை இந்த வாரம் முழுசாகப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

முதலில் தூரம்

சென்னை மீனம்பாக்கத்துக்கும் பாரீஸ் சார்லஸ் டி கால் விமான நிலையத்துக்கும் நடுவே வான்வழித் தூரம் சுமார் 8,020 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகருக்கு நேர்க்கோட்டில் பறந்தால் 2,900 கி.மீ. வரும். அதைப்போல இரண்டே முக்கால் மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த 8,020 எப்படி வருகிறது? சுவரில் மாட்டியிருக்கும் உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் இது கிடைக்காது. பூமி உருண்டை. பிள்ளைகளின் பூகோள உருண்டையை எடுத்து, சென்னை மேல் ஒரு விரல், பாரீஸ் மேல் ஒரு விரல் வைத்து, நடுவில் ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். அந்த நூல் போகும் வழிதான் மிகக் குறைந்த தூரம். 'பெருவட்டப் பாதை' என்று இதைச் சொல்வார்கள்.

அந்த நூல் சென்னையிலிருந்து வடமேற்கே கிளம்பும். ஆந்திரா, தெலங்கானா ஓரமாகப் போய், மும்பைக்குப் பக்கமாகக் கடந்து, குஜராத், பாகிஸ்தான் கடற்கரை, ஈரான், துருக்கியின் கிழக்கு ஓரம், கருங்கடல், ருமேனியா, ஹங்கேரி, ஆஸ்திரியா, தெற்கு ஜெர்மனி என்று போய் பாரீஸில் இறங்கும். தட்டையான வரைபடத்தில் பார்த்தால் 'ஏன் இப்படி வடக்கே சுற்றிப் போகிறது' என்று தோன்றும். உண்மையில் அதுதான் குறுக்கு வழி.

சுற்றிப் போனால் எவ்வளவு கூடும்?

"நேரடி விமானம் இல்லை, துபாய் சுத்திட்டுப் போகணும்" என்று வீட்டில் பேசிக்கொள்வோம் இல்லையா? அந்த 'சுற்று' எவ்வளவு என்று ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு துண்டாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் சுமாரான தூரம்தான்.

* மும்பை வழியாக: 8,030 கி.மீ.
* ஃப்ராங்க்ஃபர்ட் வழியாக: 8,040 கி.மீ.
* துபாய் வழியாக: 8,170 கி.மீ.
* தோஹா வழியாக: 8,260 கி.மீ.
* டெல்லி வழியாக: 8,330 கி.மீ.
* கொழும்பு வழியாக: 9,130 கி.மீ.

துபாய் வழியாகப் போனால் கூடுதல் தூரம் 150 கி.மீ. மட்டும்தான். விமானத்துக்கு அது பத்து நிமிடம். மும்பையும் ஃப்ராங்க்ஃபர்ட்டும் ஏறக்குறைய நூல் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. தெற்கே இறங்கி மறுபடி வடக்கே ஏற வேண்டிய கொழும்பு மட்டும்தான் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடுதல்.

ஆக, தூரம் நம்மை ஏமாற்றவில்லை. டிக்கெட்டில் 11 மணி நேரம் 14 ஆகவும், 19 ஆகவும், 26 ஆகவும் மாறுவதற்குக் காரணம், நடுவில் உள்ள ஊரில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நேரம். அவசரமாக டிக்கெட் பார்க்கும்போது 'எந்த ஊர் வழியாக' என்பதைவிட 'அந்த ஊரில் எத்தனை மணி நேரம்' என்று பாருங்கள். விலை குறைவாக இருக்கிறதே என்று எடுக்கும் டிக்கெட்டில், பெரும்பாலும் இந்தக் காத்திருப்புதான் ஒளிந்திருக்கும்.

போகும்போது 10½, வரும்போது 9½. ஏன்?

நடுவில் இறங்காமல் போனால் சென்னையிலிருந்து பாரீஸுக்கு சுமார் பத்தரை மணி நேரம். அங்கிருந்து இங்கே வர சுமார் ஒன்பதரை மணி நேரம். தூரம் அதேதான், விமானமும் அதே ரகம்தான். நடுவில் காற்றுதான் வேலை செய்கிறது.

பத்து கிலோமீட்டர் உயரத்துக்கு மேல், வட இந்தியா, ஈரான், மேற்காசியா பக்கமெல்லாம் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு வேகமான காற்றோட்டம் உண்டு. 'ஜெட் ஸ்ட்ரீம்' என்பது இதுதான். பாரீஸ் போகும்போது இது எதிர்காற்று. வரும்போது முதுகில் தள்ளும் காற்று.

கணக்கு எளிது. விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. என்று வைப்போம். சராசரியாக மணிக்கு 50 கி.மீ. எதிர்காற்று இருந்தால் தரைக் கணக்கில் வேகம் 850. அப்போது 8,020 கி.மீ. கடக்க 9 மணி 26 நிமிடம். அதே காற்று பின்னால் இருந்தால் வேகம் 950, நேரம் 8 மணி 27 நிமிடம். ஒரு மணி நேரம் காற்றிலேயே போய்விடுகிறது. இதோடு ஓடுபாதையில் வரிசையில் நிற்பது, மேலே ஏறுவது, இறங்குவது, நேர்க்கோட்டை விட்டு வளைவது எல்லாம் சேர்ந்து இன்னொரு மணி நேரம். அதுதான் டிக்கெட்டில் வரும் எண். குளிர்காலத்தில் இந்தக் காற்று இன்னும் பலமாக இருக்கும். டிசம்பரில் பொங்கலுக்கு முன்னால் ஊருக்கு வருகிறவர்கள் சீக்கிரம் வந்து இறங்குவார்கள். திரும்பிப் போகும்போது அந்த நேரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

டிக்கெட்டைப் படிக்கத் தெரியுமா?

சிரிக்காதீர்கள். படித்தவர்கள் வீட்டிலும் இங்கேதான் குழப்பம் வருகிறது.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் எப்போதும் அந்தந்த ஊர் நேரம். இந்தியாவைவிட பிரான்ஸ் குளிர்காலத்தில் நான்கரை மணி நேரம் பின்னால், கோடைக்காலத்தில் மூன்றரை மணி நேரம் பின்னால். மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைப்பார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு மறுபடி பின்னே வைப்பார்கள். நாம் மாற்றுவதில்லை. அதனால் நவம்பரில் 'அண்ணன் ஏன் ஒரு மணி நேரம் லேட்டாக போன் செய்கிறான்' என்று தோன்றினால், அவர் லேட் இல்லை. அங்கே கடிகாரம் மாறியிருக்கிறது.

ஓர் உதாரணம். சென்னையில் கிளம்புவது 01.50, ஃப்ராங்க்ஃபர்ட்டில் இறங்குவது 08.20 என்று டிக்கெட்டில் இருக்கிறது. கழித்தால் ஆறரை மணி நேரம். 'பரவாயில்லையே' என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியும் பிரான்ஸ் நேரம்தான். கோடையில் இதோடு மூன்றரையைக் கூட்டுங்கள், 10 மணி நேரம். குளிர்காலத்தில் நான்கரையைக் கூட்டுங்கள், 11 மணி நேரம். இந்தப் பக்கம் வரும்போது இதே எண்ணைக் கழிக்க வேண்டும். போகும்போது கூட்டல், வரும்போது கழித்தல். இவ்வளவுதான்.

இன்னொரு பெரிய குழப்பம், நள்ளிரவு. சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்கும் வளைகுடாவுக்கும் போகும் விமானங்களில் பல, நடுராத்திரி தாண்டிக் கிளம்புபவை. டிக்கெட்டில் '15-ம் தேதி, 01.50' என்று இருந்தால், நீங்கள் கதிர்காமத்திலிருந்து காரில் ஏற வேண்டியது 14-ம் தேதி மாலை. மூன்று மணி நேரம் முன்னதாக, அதாவது 14-ம் தேதி ராத்திரி 10.50-க்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். சாலையில் மூன்றரை மணி நேரம். டீ குடிக்க, டயர் பஞ்சர் ஆக அரை மணி நேரம் கூட்டினால், மாலை 6.30, 7 மணிக்குள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். 15-ம் தேதி என்று காலண்டரில் வட்டம் போட்டு, அன்று மாலை பெட்டியோடு வாசலில் நின்றால், விமானம் போய்ப் பதினாறு மணி நேரம் ஆகியிருக்கும்.

நேரடி விமானம் வந்ததும் போனதும்

சென்னை - பாரீஸ் நேரடி விமானம் என்பது புதுச்சேரிக்காரர்களின் நீண்ட நாள் ஆசை. 2017 அக்டோபர் கடைசியில் ஜெட் ஏர்வேஸ் அதைத் தொடங்கியது. 2019 ஏப்ரலில் அந்த நிறுவனமே பறப்பதை நிறுத்தியது. 2021-ல் ஏர் பிரான்ஸ் சென்னைக்கு வந்தது. இந்த மாதிரி வழித்தடங்கள் சீசனைப் பொறுத்து மாறும். அதனால் 'போன வருஷம் இருந்ததே' என்று நம்பி இருக்காமல், ஒவ்வொரு முறையும் புதிதாகப் பாருங்கள்.

பெங்களூருக்கும் பாரீஸுக்கும் நடுவே ஏர் பிரான்ஸ் நேரடி விமானம் பல வருடங்களாக ஓடுகிறது. தூரம் சுமார் 7,825 கி.மீ., சென்னையைவிடக் கொஞ்சம் குறைவு. நம் லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து 2024 டிசம்பரில் இண்டிகோ பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் ஏடிஆர் சிறிய விமானங்களைத் தொடங்கியது. கதிர்காமத்திலிருந்து லாஸ்பேட்டை ஆட்டோ தூரம். பெங்களூரு அங்கிருந்து 270 கி.மீ. கூட இல்லை. இரண்டு விமானங்களின் நேரமும் ஒத்துப்போகும் நாளில் இந்த வழி, சாலைப் பயணத்தை மிச்சப்படுத்தும். ஒத்துப்போகாத நாளில் பெங்களூரில் ராத்திரி தங்க வேண்டி வரும். இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டாலும் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். நஷ்டம் நம்முடையதுதான்.

வானத்திலும் சாலை மறியல் உண்டு

பூகோள உருண்டையில் நாம் பிடித்த நூல், பல நாடுகளின் தலைக்கு மேல் போகிறது. அதில் ஒரு நாடு 'என் வான்வெளி மூடல்' என்று சொன்னால், விமானம் சுற்றித்தான் போக வேண்டும்.

2019 பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூலை வரை பாகிஸ்தான் தன் வான்வெளியின் பெரும்பகுதியை மூடி வைத்திருந்தது. 2022 பிப்ரவரி 24-ல் போர் தொடங்கியதிலிருந்து உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடிக்கிடக்கிறது. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பின், பாகிஸ்தான் இந்திய விமான நிறுவனங்களுக்குத் தடை போட்டது. 2025 ஜூனில் இஸ்ரேல் - ஈரான் மோதலின்போது ஈரான், இராக் வான்வெளிகள் மூடின. ஜூன் 23 அன்று சில மணி நேரம் கத்தார் வானமும் மூடியது. தோஹா வழியாகப் போக வேண்டியவர்கள் அங்கங்கே மாட்டிக்கொண்டார்கள்.

அதாவது 8,020 என்பது பூமியின் கணக்கு. அன்றைக்கு உங்கள் விமானம் பறக்கும் தூரம் அரசியலின் கணக்கு. அவசரப் பயணம் என்றால், செய்திகளில் வளைகுடா பதற்றம் ஓடும் நாட்களில் ஃப்ராங்க்ஃபர்ட், லண்டன் வழிகளையும் சேர்த்துப் பாருங்கள். லண்டன் வழியாக இந்திய பாஸ்போர்ட்டில் போகிறவர்கள் அங்கே டிரான்சிட் விசா விதி தங்களுக்குப் பொருந்துமா என்பதை டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

இப்போது வாசலிலிருந்து வாசலுக்கு

கேள்வி கேட்ட வாசகிக்காக ஒரு மாதிரிக் கணக்கு. கோடைக்காலம் என்று வைப்போம். அண்ணன் வீடு பாரீஸுக்கு வடக்கே சார்செல் பக்கம், விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான். எல்லா நேரமும் இந்திய நேரத்தில் தருகிறேன்.

* திங்கள் காலை 8.00: கதிர்காமத்திலிருந்து போன் போகிறது. அங்கே விடிகாலை 4.30.
* மதியம் 1.30: அண்ணன் லீவு சொல்லி, டிக்கெட் எடுத்து, பெட்டி கட்டி வீட்டை விட்டுக் கிளம்புகிறார். அங்கே காலை 10 மணி.
* மாலை 5.30: விமானம் புறப்படுகிறது.
* ராத்திரி 12.15: துபாய். பறந்த நேரம் ஆறே முக்கால் மணி.
* செவ்வாய் விடிகாலை 3.15: மூன்று மணி நேரக் காத்திருப்புக்குப் பின் அடுத்த விமானம்.
* காலை 7.15: சென்னை.
* காலை 8.15: இமிக்ரேஷன், பெட்டி எல்லாம் முடித்து வெளியே.
* காலை 11.45: திண்டிவனம் வழியாகக் கதிர்காமம்.

மொத்தம் இருபத்தேழே முக்கால் மணி நேரம். இதில் வானத்தில் இருந்தது பத்தே முக்கால் மணி நேரம் மட்டும். மீதி 17 மணி நேரம் தரையில். எங்கேயும் தாமதம் இல்லாத நல்ல நாளில் இது. அன்றைய விமானத்தில் இடம் இல்லை என்றால், அடுத்த விமானத்துக்கு இன்னும் அரை நாள் கூட்டிக்கொள்ளுங்கள். உங்கள் அப்பாவின் காரியத்தின்போது ஒன்றரை நாள் ஆனது அண்ணனின் சோம்பலால் அல்ல. கணக்கே அப்படித்தான்.

கடைசி 140 கிலோமீட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 8,020 கி.மீ. பறக்க ஒன்பதரை மணி நேரம், 140 கி.மீ. சாலைக்கு மூன்றரை மணி நேரம்! காலையில் சென்னையிலிருந்து வெளியே வரும் பக்கம் ஓரளவு பரவாயில்லை. ஞாயிறு மாலை, பண்டிகை விடுமுறை முடியும் நாட்களில் செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் வரை ஊர்ந்துதான் போக வேண்டும். அந்த நாட்களில் மரக்காணம், மாமல்லபுரம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய், துரைப்பாக்கம் - பல்லாவரம் சாலையில் திரும்புகிறவர்கள் உண்டு. பஸ்ஸில் போகிறவர்கள் கவனத்துக்கு: கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் இறங்கினாலும் விமான நிலையம் இன்னும் 15 கி.மீ-க்கு மேல் இருக்கிறது. பெட்டியோடு அங்கிருந்து போவதற்கும் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

'எத்தனை மணிக்கு எடுக்கிறீங்க?'

துக்க வீட்டில் முதலில் வரும் கேள்வி இதுதான். பதில் சொல்ல வேண்டியவர், பெரும்பாலும் அழுதுகொண்டே போனைப் பிடித்திருக்கும் மகளோ மருமகளோதான். அவருக்காக மூன்று விஷயங்கள்.

ஒன்று, 'டிக்கெட் போட்டாச்சு' என்பதை வைத்து நேரம் குறிக்காதீர்கள். 'விமானத்தில் ஏறி உட்கார்ந்துட்டேன்' என்று போன் வந்த பிறகு குறியுங்கள். நடுவில் ஓர் ஊர் இருந்தால், இரண்டாவது விமானத்தில் ஏறிய பிறகு உறுதி செய்யுங்கள். அதுவரை உறவினர்களிடம் 'நாளை மதியத்துக்கு மேல்' என்று மட்டும் சொன்னால் போதும்.

இரண்டு, சென்னையில் இறங்கும் நேரத்தோடு ஐந்து மணி நேரம் கூட்டுங்கள். ஒரு மணி நேரம் விமான நிலையம், மூன்றரை மணி நேரம் சாலை, அரை மணி நேரம் கைக்காவல். அவர் வந்து முகம் பார்த்து, அழுது, குளித்து, சடங்குக்கு உட்காரவும் நேரம் வேண்டும். ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்குச் சொல்லும்போது ஒரு நாளுக்குப் பதில் இரண்டு நாளாகவே பேசிவிடுங்கள்.

மூன்று, காத்திருக்க முடியாத நிலை என்றால், அதை அவர் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள். கொள்ளி வைக்க வேண்டியவர் எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது, தம்பியோ, மகளோ, பேரனோ வைப்பதா என்பது குடும்பமாக முடிவெடுக்க வேண்டியது. நடுவானில் போன் எடுக்க முடியாதவரைக் கேட்காமல் எடுத்த முடிவு, பல வருடங்களுக்கு மனஸ்தாபமாக நிற்கும்.

பாஸ்போர்ட் என்ன நிறம்?

எல்லாக் கணக்கையும் கவிழ்க்கக்கூடியது இது. இதற்குக் கொஞ்சம் சரித்திரம் தேவை.

1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஒப்பந்தம் 1956 மே 28-ல் கையெழுத்தானது. பிரான்ஸ் நாடாளுமன்றம் அதை ஏற்று, சட்டப்படியான மாற்றம் நடந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்று வாய்ப்பு தரப்பட்டது. எழுதிக் கொடுத்தவர்களின் பிள்ளைகள், பேரன்கள்தான் இன்றைய 'பிரான்ஸ்காரர் வீடு', 'சொல்தா வீடு' எல்லாம். அப்போது பிரான்ஸ் அதிபராக இருந்தவர் சார்லஸ் டி கால். 1974-ல் திறக்கப்பட்ட பாரீஸின் பெரிய விமான நிலையத்துக்கு வைத்த பெயரும் அவருடையதே.

இப்போது விஷயத்துக்கு வருவோம். பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் இந்தியாவுக்கு வர விசா வேண்டும். இ-விசாவுக்குக் குறைந்தது நான்கு நாள் முன்னதாக விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். சாவுச் செய்திக்கு நான்கு நாள் முன்னறிவிப்பு ஏது? பாரீஸ் இந்தியத் தூதரகத்தில் அவசர விசா கேட்கலாம். ஆனால் அதற்கும் ஓர் அலைச்சல், ஒரு நாள்.

இதற்கு வழி ஓசிஐ அட்டை. ஆயுள் முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் விசா இல்லாமல் வரலாம். 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்த பகுதியைச் சேர்ந்தவர்களுக்கும் ஓசிஐ உண்டு என்று நம் குடியுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. புதுச்சேரிக்காரர்களுக்கு அப்படியே பொருந்தும் வரி இது. உங்கள் அண்ணன் பிரெஞ்சு பாஸ்போர்ட் என்றால், இன்று ராத்திரி பேசும்போது கேளுங்கள்: "ஓசிஐ இருக்கா? பாஸ்போர்ட் எந்த வருஷம் முடியுது?" அட்டை இருந்து பாஸ்போர்ட் காலாவதி ஆகியிருந்தாலும் ஏற முடியாது. அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

எதிர்த்திசையில் நிலைமை இன்னும் கடினம். இந்திய பாஸ்போர்ட்டில் இங்கிருந்து பாரீஸ் போக ஷெங்கன் விசா வேண்டும். விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகு முடிவுக்கு 15 நாள் என்பது அவர்கள் விதி. பிள்ளைகள் அங்கே இருக்கும் பெற்றோர், ஒரு முறை போய் வந்த பிறகு பல முறை போகும் நீண்ட கால விசா கிடைக்குமா என்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

தாமதமானால் காசு உண்டு

தூரக் கணக்கு நமக்குப் பணமாகவும் மாறும் இடம் ஒன்று இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ம் வருட 261-வது விதிப்படி, விமானம் ரத்தானாலோ மிகவும் தாமதமானாலோ பயணிக்கு இழப்பீடு உண்டு. எவ்வளவு என்பது தூரத்தைப் பொறுத்தது. அந்தத் தூரத்தை அளப்பது நாம் நூல் பிடித்த அதே பெருவட்ட முறையில்தான். 3,500 கி.மீ-க்கு மேல், நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் 600 யூரோ. சென்னை - பாரீஸ் 8,020 என்பதால் தாராளமாக இதில் வரும். ஒரே டிக்கெட்டில் நடுவில் மாறிப் போனாலும் கடைசியாகச் சேரும் ஊரின் தாமதத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள்.

ஏர் பிரான்ஸ், லுஃப்தான்சா போன்ற ஐரோப்பிய நிறுவனங்களுக்குப் போகவர இரண்டு பக்கமும் இது பொருந்தும். வளைகுடா நிறுவனங்களுக்கு, பாரீஸிலிருந்து கிளம்பும்போது மட்டும் பொருந்தும். புயல், போர், வான்வெளி மூடல் போன்றவை காரணம் என்றால் கிடைக்காது. போர்டிங் பாஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

போனில் இன்றே சேமிக்க வேண்டியவை

வீட்டில் எல்லோரும் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்து நிமிடம் போதும். வெளிநாட்டில் இருப்பவரின் பாஸ்போர்ட், ஓசிஐ முதல் பக்கப் படம். அவர் வீட்டுக்குப் பக்கத்து விமான நிலையம் எது என்ற விவரம் (பாரீஸில் சார்லஸ் டி கால் ஒன்று, தெற்கே ஓர்லி இன்னொன்று. ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏற வேண்டிய டிக்கெட்டை அவசரத்துக்கு எடுக்கவே கூடாது). விமான நிலையம் போய்வரப் பழகிய கார் டிரைவர் இருவரின் எண். அங்கே அவருக்கு உதவ, பக்கத்தில் இருக்கும் ஒரு நண்பரின் எண். நடுராத்திரி செய்தி போனால், தனியாக உட்கார்ந்து டிக்கெட் தேடும் நிலையில் அவர் இருக்க மாட்டார். கூட ஒருவர் வேண்டும்.

கதிர்காமத்து வாசகிக்கு: அம்மா தேறி வரட்டும். மருத்துவர் 'வரச் சொல்லிடுங்க' என்று சொல்லும் வரை காத்திருக்காமல், 'வரலாமா வேண்டாமா' என்று நீங்களே யோசிக்க ஆரம்பிக்கும் அன்றே அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். 28 மணி நேரப் பயணத்துக்கு அந்த ஒரு நாள் பெரிய நாள். அம்மா கண் திறந்து பேசும்போதே அவர் வந்து பக்கத்தில் உட்காரட்டும்.

*(உங்கள் வீட்டில் எழும் கேள்விகளை 'வாரம் ஒரு கேள்வி' பகுதிக்கு அனுப்புங்கள். அடுத்த வாரம்: வெளிநாட்டுக்கு அனுப்பும் பார்சலில் ஊறுகாய், வடகம் வைக்கலாமா?)*